முனை வெட்டிய தூண்டில் முள்

ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். நோய் என்னிடம் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டது. வாசலில் நின்ற என் கணவர்தான் பார்த்துவிட்டு, "இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறேன். உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருந்தது. அது வலிக்கவே இல்லை. "யோசனையெல்லாம் எங்க வச்சுக்கிட்டு நடந்த?" என்று அவர் கேலி செய்ய, நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியாதபோது இருவரும் சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குள் மரமரப்பு காலிலிருந்து ஏறி விரல்களுக்கு வந்துவிட்டது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பு வழியாக மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். கில்லன் பாரே நோய் என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்கிவிடும் நோய். சில வாரங்களுக்கு முன் எனக்கு வந்த வயிற்றுப்போக்கு அதைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்றார் டாக்டர்.

"கரண்டு கம்பிக்கு மேல உறை இருக்குதுல்லம்மா, அந்த மாதிரி நரம்புக்கும் உண்டு. உங்களுக்கு அது உரிஞ்சு போயிருக்குது."

எங்கள் ஊர் கரண்டுக் கம்பத்துக்குப் பீங்கான் செய்து அனுப்பும் ஊர். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. நன்றாகப் புரிந்ததுதான் வம்பாகப் போயிற்று.

நான் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வைப்பவள். அச்சில் வார்ப்பவர் வேறு, சூளை பார்ப்பவர் வேறு. வெந்து வந்த பொம்மைக்கு இமையும் கருவிழியும் வரைவது என் வேலை. கருவிழி ஒரே தொடுதலில் விழ வேண்டும். பிரஷ் நுனி பொம்மையைத் தொட்டுவிட்டதைக் கண் சொல்வதற்கு முன்னால் விரல் சொல்லிவிடும். அந்த விரல்தான் இப்போது போயிருந்தது.

உறை என்று டாக்டர் சொன்னதும் என் மனதில் வந்தது கிளேஸ் (பீங்கானின் பளபளக்கும் மேல்பூச்சு). கிளேஸ் உரிந்த பொம்மையை நாங்கள் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். மறுபடி பூசலாம்தான், ஆனால் மறுபடி சூளைக்குப் போக வேண்டும், அதில் வெடித்துப் போவதும் உண்டு. என்னை எந்தச் சூளையில் வைப்பார்கள்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் ரத்தக்குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஓரமாக எடுத்து வைக்கப்பட்ட பொம்மையாகக் கிடந்தேன்.

காலுக்கு உணர்வு முதலில் திரும்பியது. கோலூன்றி வீட்டுக்கு வந்தேன். கை அடம்பிடித்தது. சூடான டீ டம்ளரைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியாது. பிசியோதெரபி (பயிற்சியால் தசையை மீட்கும் சிகிச்சை) செய்யும் பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அந்தப் பந்தை நான் வெறுத்தேன். கட்டிலுக்கடியில் உருண்டு போனால் நிம்மதியாக இருக்கும். "பிடிச்ச வேலை எதனா விரலுக்குக் குடுங்கம்மா" என்று அவளே ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

அப்போதுதான் என் தம்பி குமரேசன் லீவில் வந்தான். நீலகிரியில் ஓர் எஸ்டேட் பங்களாவில் டிரைவர். அங்கே வரும் விருந்தாளிகள் ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். அதற்குப் புழு வைப்பதில்லை. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ஈ மாதிரி, பூச்சி மாதிரி செய்து தண்ணீரில் விடுவார்கள். வேலையில்லாத நேரங்களில் குமரேசனும் அதைக் கற்றுக்கொண்டிருந்தான். மேசை விளிம்பில் மாட்டி முள்ளைக் கவ்வ வைக்கும் சின்ன வைஸ், கனமான பாபினில் (நூல் உருளை) சுற்றிய நூல், ஒரு மிட்டாய் டப்பா நிறைய அவன் கட்டிய ஈக்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினான்.

நான் சட்டென்று கை நீட்டியது ஆரஞ்சு இறகும் வெள்ளி இழையும் வைத்த ஒன்றுக்கு.

"அது வாணாங்க்கா. அதை நானே ரெண்டாவது வருசந்தான் கட்டுனேன். நூல் மட்டும் சுத்துறது ஒண்ணு இருக்குது, அதுல ஆரம்பி."

"பொம்மைக்குக் கண்ணு வைக்கிறவடா நான்."

"பொம்மை அசையாம இருக்கும். உன் விரலு இப்ப அப்படியா இருக்குது?"

கோபம் வந்தது. ஆரஞ்சு ஈயைத்தான் கட்டுவேன் என்று உட்கார்ந்தேன். இறகு விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நூல் சிவப்பாக மாறியபோது, நூல் மாறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். முள் கட்டைவிரலில் ஏறியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. குமரேசன் முகம் செத்துப்போயிற்று. கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, எனக்கென்று வைத்திருந்த முட்களின் முனைகளையெல்லாம் வெட்டினான்.

அன்று சாயங்காலம் நானே நூல் ஈயைக் கேட்டு வாங்கினேன்.

பெரிய முள், தடித்த கறுப்பு நூல், வேறொன்றும் கிடையாது. முள்ளின் காதுப் பக்கம் (நூல் கோக்கும் ஓட்டை) ஆரம்பித்து வளைவு வரை சுற்றிப்போய்த் திரும்பி வர வேண்டும். கை ஓய்ந்தால் விட்டுவிடலாம். பாபின் தன் கனத்தால் தொங்கி நூலை அவிழாமல் பிடித்துக்கொள்ளும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கை மட்டும் தனியாகச் செய்ய வேண்டிய வேலைகளைப் பார்த்துத்தான் நான் மிரண்டுபோயிருந்தேன். இந்த வேலை எனக்காகக் காத்திருந்தது.

முதலில் கட்டியவையெல்லாம் வண்டு மாதிரி உப்பியிருந்தன. குமரேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏங்க்கா இம்மாம் நூலு?" யோசித்தபோதுதான் புரிந்தது. களிமண்ணில் செய்வது எதுவும் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் எங்கள் ஊரில் எதையும் கொஞ்சம் பெரிதாகவே செய்வோம். என் கை தன்னை மறந்துபோயிருந்தாலும் இந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. "இதை வேக வைக்கப் போறதில்லக்கா. நீ கட்டுனா கட்டுனதுதான்" என்றான்.

லீவு முடிந்து அவன் போன பிறகும் நான் அந்த ஒன்றையே கட்டினேன். அது கைக்கு வந்ததும் ஸ்வெட்டர் நூல் வைத்த புழு. அதற்கப்புறம் சேவல் கழுத்து இறகை இரண்டே சுற்று சுற்றிய ஈ. இதே நோயில் கிடக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதை வேண்டுமானாலும் எடுங்கள், பூக்கட்டுங்கள், ஒயர்க்கூடை பின்னுங்கள். அதில் ஆக எளியதை முதலில் எடுங்கள். அழகானதை முதலில் எடுத்தால் நம் கையின் மேல்தான் வெறுப்பு வரும்.

மறுபரிசோதனைக்குப் போனபோது என் நூல் ஈ ஒன்றை டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதாம்மா உங்களுக்குள்ள நடந்துக்கிட்டு இருக்குது."

"புரியலீங்க டாக்டர்."

"உறைன்னு சொன்னேனே. நரம்பை ஒட்டி ஒரு செல் உக்காந்துக்கிட்டு, தன்னையே அதைச் சுத்திச் சுத்திச் சுருட்டிக்கும். சுத்து மேல சுத்து. உரிஞ்ச இடத்துல திரும்பவும் சுத்திக்கிட்டு வருது. அதான் லேட்டாவுது."

"அப்ப அது பூச்சு இல்லீங்களா?"

"பூச்சா? யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டு அத்தனை மாதமும் பயந்துகிடந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் பண்ருட்டி தாண்டும்வரை கைகளை மடியில் மலர்த்திவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் மேசையில் உட்கார்ந்து ஒரு முள்ளுக்கு நூல் சுற்ற மூச்சு வாங்கியபோது, தோலுக்கடியில் என்னைக் கேட்காமல், விளக்கு வெளிச்சம் கூட இல்லாமல், எத்தனை கோடிச் சுற்று நடந்திருக்கும்! தூங்கும்போதும் நடந்திருக்கும். நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோதும் நடந்திருக்கும். கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் குமரேசன் மீண்டும் வந்தான், இந்த முறை தூண்டில் கழியோடு. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருந்தது. என் ஈயைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனே பிடிவாதம் பிடித்தான். சேவல் இறகு ஈயைக் கட்டி ஓட்டத்தில் வீசிவிட்டு, தூண்டில் இழையை என் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் கொடுத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. கையில் இழை இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு கண்ணை மூடினேன்.

"டேய், இழுக்குதுடா!"

அவன் பாய்ந்து வந்து இழையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ, இது நான் முனை வெட்டுன முள்ளாச்சே! இதுல எங்கக்கா மீனு மாட்டும்?"

"இழுக்குதுங்கிறேன்."

மறுபடி உற்றுப் பார்த்தான். "மீனு இல்லக்கா. தண்ணி ஓடுது. அது இழுக்குது."

தண்ணீர். எங்கிருந்தோ மழையாக விழுந்து, எங்கள் ஊர்ப் பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்த தண்ணீரின் ஓட்டம் ஓர் ஈயைத் தள்ளி, ஓர் இழையில் ஏறி, என் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொதிக்கும் தாரைச் சொல்லாத உடம்பு இதைச் சொல்கிறது. மெல்ல இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிரஷை நான் இன்னும் தொடவில்லை. தொடும் நாள் எப்போது என்று தினமும் கணவரைக் கேட்டு நச்சரித்தவள், அந்த நேரத்தில் அதை நினைக்கவே இல்லை.

குமரேசன் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வெகுநேரம் கழித்து அவன் போன் அடித்தது. பேசிவிட்டு என் காதில் வைத்தான். என் கணவர்.

"இருட்டப் போவுது. மீனு மாட்டுச்சா இல்லியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன, வூட்டுக்கு வா."

"செத்த இருங்க, வரேன். தண்ணி போய்க்கிட்டு இருக்குது."