எள்ளு அரைத்தவள்

ஓடிப்போனாள் என்றா சொல்கிறீர்கள்? விடியும் முன்னே, பின்பக்கத்து ஒழுங்கையால், தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு? நல்ல கதை! இராஜேஸ்வரி போனது பட்டப்பகலில், முன்வாசலால். எதிர்க் கடையில் பாண் வாங்க நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். பார்த்த வாய்தான் இன்றைக்குப் பின்பக்கம் என்கிறது.

மதம் மாறிப் பெயரை மாற்றிக்கொண்டாள் என்பதும் பொய். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள், விபூதியோடு வருவாள். இப்போது அவள் இருக்கிற மஸாஹிரா வீட்டில் வெள்ளிக்கிழமை பகல் சமையல் ஓர்டர் எடுப்பதில்லை. ஒருத்தி கோயிலுக்கு, ஒருத்தி வீட்டு ஆண்களை ஜும்ஆத் தொழுகைக்கு அனுப்ப என்று இரண்டு பேருக்குமே கை ஓயாத நாள் அது.

இதையெல்லாம் விட்டுவிடலாம். எள்ளு அரைத்து வைத்து ஓர் உயிரை எடுத்தாள் என்கிறார்களே, அதை மட்டும் விட முடியாது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அண்ணன் மோகனராஜ் வீட்டில்தான் அவள் இருந்தாள். புருஷன் ஓட்டிய லொறி வளைவில் கவிழ்ந்ததோடு அவள் குடும்பம் முடிந்தது. பிள்ளை இல்லை. அண்ணன் மகள் டிலானியை இடுப்பில் வைத்தே வளர்த்தாள். மோகனராஜ் நல்ல மனுசன். நகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை. தெருவில் குழாய் வெடித்தால் ஓடி அடைப்பான், வீட்டுக்குள் சண்டை வெடித்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போவான்.

பகலில் இராஜேஸ்வரி பாலத்துக்கு அந்தப் பக்கம் மஸாஹிரா வீட்டுக்குச் சமையலுக்குப் போவாள். கல்யாணம், நோன்பு என்று அரபுச் சாப்பாட்டு ஓர்டர் எடுக்கிற வீடு. அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற வீடு. இவளும் மஸாஹிரா தாத்தா என்றே பழகிவிட்டாள். அங்கேதான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற ஹமுஸ் செய்யக் கற்றுக்கொண்டாள்.

என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கடலைதானே, கோயிலில் சுண்டல் கொடுக்கிற கடலை! ஆனால் ஊறவைத்து, அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டு, விரலால் நசுக்கினால் கரைகிற மாதிரி வேகவைத்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்க வேண்டும். தோல் மேலே மிதக்கும். அதை அள்ளி அள்ளிக் கொட்டப் பொறுமை இல்லாதவள் அரைத்தால் களிமண். இருக்கிறவள் அரைத்தால் வெண்ணெய். எள்ளைச் சிவக்க விடாமல் வறுத்து, எண்ணெய் கக்கும் வரை அரைத்து, வெள்ளைப்பூடு, தேசிக்காய்ப் புளி, ஐஸ் கட்டி ரெண்டு. கிரைண்டர் சத்தம் மாறுவதை வைத்தே பதம் வந்துவிட்டது என்பாள் இராஜேஸ்வரி.

முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அண்ணி சிவகாமி மூடியைத் திறந்து பார்த்து, "என்னடி இது, செவுத்துக்குப் பூசுறதா?" என்று கேட்டாள். பிறகு ரொட்டியைத் தொட்டுத் தொட்டு, பாத்திரத்தையும் வழித்துத்தான் வைத்தாள்.

திகனவிலிருந்து டிலானிக்கு மாப்பிள்ளை வந்தது. அஜந்தன். கத்தாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை, லீவில் வந்திருந்தான். தரகர் கொண்டுவந்த சம்பந்தம் என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். டிலானியும் அவனும் ரெண்டு வருசமாகப் போனில் பேசிக்கொண்டிருந்ததும், தரகர் கைக்குச் சாதகத்தைப் போகவைத்ததே அவர்கள்தான் என்பதும் இராஜேஸ்வரிக்கு மட்டும் தெரியும். வெளியே வந்தால் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளையின் அம்மா சத்தியம் பண்ணி வைத்திருந்தாள். மூத்த மகன் போனில் பிடித்த பெண்ணோடு போனவன், பெற்றவளை எட்டிப் பார்ப்பதில்லை. இன்னொரு போன் மருமகள் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் டிலானி அத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அத்தை, அன்னைக்கு நீங்க ஹமுஸ் செய்யணும்."

"நல்ல காரியத்துக்கு எள்ளு அரைக்கிறதாடி? ஒங்க அம்மா என்னைய அரைச்சுருவா. வேணும்னா எள்ளுக்குப் பதிலா கஜுப் பருப்பு போட்டுச் செய்றேன்."

"கஜு போட்டா வாயில வச்சதும் கண்டுபுடிச்சிருவாரு அத்தை. கத்தார் ஹோட்டல்ல தெனமும் அவருக்கு அதுதான் வேலை."

"தெனமும் அதைத்தான் கட்டி அழுகுறாருன்னா இங்க வந்தும் எதுக்கு? வடை தின்னட்டும்."

"எங்க அத்தை செய்றதுக்கு முன்னால ஒங்க ஹோட்டல் நிக்காதுன்னு சொல்லிட்டேன். பார்ப்போம், வைக்கச் சொல்லுன்னு சவால் விட்டுட்டாரு. என் மானம் போயிரும்."

அங்கேதான் இராஜேஸ்வரி விழுந்தாள். தன் கைச் சமையலைக் கத்தார் வரைக்கும் ஒரு பிள்ளை பெருமை பேசியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது? தப்பு என்றால் அதுதான் அவள் செய்த தப்பு.

அன்றைக்குக் கேசரி, வடை, பட்டிஸ் எல்லாம் இருந்தன. எச்சில் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ஹமுஸை ஆளுக்கொரு சின்னப் பீங்கானில் பரப்பி, கரண்டி முதுகால் குழி பறித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, மேலே மிளகாய்த்தூள் தூவி, குபூஸ் ரொட்டியோடு வைத்தாள். அஜந்தன் ஒரு வாய் வைத்ததும் கண்ணைத் தூக்கி டிலானியைப் பார்த்தான். தோற்றுப்போன பார்வை. டிலானி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கதவோரம் நின்ற இராஜேஸ்வரிக்கு மனசு குளிர்ந்துபோனது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பிடித்தது. அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் இப்போது. "வெள்ளைச் சட்னி நல்லா இருக்கே, தேங்காயா?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள்.

சிவகாமிக்குப் பெருமை தாங்கவில்லை, சகுனம் மறந்துபோனது. "தேங்கா இல்லைங்க சம்மந்தி, கடலை. எள்ளு அரைச்சு ஊத்துறது" என்றாள்.

ரொட்டி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. "எள்ளா? யாரு செஞ்சது?"

அஜந்தன் போனை எடுத்துத் தடவினான். டிலானி தரையைப் பார்த்தாள். ஒரு நிமிசம் பொறுத்துப் பார்த்துவிட்டு இராஜேஸ்வரி சொன்னாள், "நான்தாங்க."

அந்த அம்மா அவளுடைய பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள். "நீங்களா" என்றாள். பீங்கானைத் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான்.

சம்பந்தம் பேசி முடிந்தது. ஆனால் அடுத்த வாரமே அஜந்தனின் பெரியப்பா தவறிப்போனார். சிறுநீரகம் ரெண்டும் பழுதாகி, வருசக்கணக்காக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த மனுசன். அவரை இழுத்துக்கொண்டு போனது கடலைச் சாந்தா? கண்டி பஸ் ஸ்டாண்டில் எள்ளுருண்டை வாங்கித் தின்னாதவர் யார்? அதைத் தின்று எத்தனை பேர் செத்தார்கள்? இதை அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. எழவு வீட்டில் ஒருத்தி ஆரம்பித்தாள். பாலம் தாண்டி வரும்போது கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது.

திகனவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெண்மேல் குறை இல்லை, பேசியது பேசியதுதான். ஆனால் அந்தப் பொம்பளை இருக்கிற வீட்டில் கைநனைக்க மாட்டோம்.

சிவகாமி நடு வீட்டில் நின்றாள். "யாரைக் கேட்டு அரைச்ச? அதைச் சொல்லு. யாரு ஒன்னைய அரைக்கச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் போன் கதை வெளியே வரும். அந்தப் பதில் அடுப்படியில் தேத்தண்ணிக் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றது. துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தது. இராஜேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பாமல் காதை மட்டும் கொடுத்து நின்றாள். துணி கோப்பையில் தேய்கிற சத்தம் தவிர எதுவும் வரவில்லை.

"எனக்காத் தோணிச்சு அண்ணி" என்றாள்.

"தோணும், தோணும். தாலி இருந்தாத் தெரியும் அதோட அருமை."

மோகனராஜ் தொண்டையைச் செருமினான். இந்தத் தடவை வெளியே போகவில்லை. போயிருக்கலாம். "ராஜி, கல்யாணம் முடியுற வரைக்கும் அந்த மஸாஹிராம்மா வீட்ல இருந்துக்கிறியா?"

"முடிஞ்சதும் கூப்புடுவியாண்ணே?"

அவன் சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தான். "பார்ப்போம்."

ஊரெல்லாம் குழாய் அடைத்தவனுக்கு இந்த ஒரு சொல்லை அடைத்து வைக்கத் தெரியவில்லை.

இராஜேஸ்வரி முற்றத்துக்குப் போய்ப் போன் எடுத்தாள். "தாத்தா, கொஞ்ச நாளைக்கு..." என்று இழுத்தாள்.

"கேட் தொறந்துதான் ஈக்கி, வாங்க" என்றாள் மஸாஹிரா. "அங்க ஒங்க வீட்ல ஊறப்போட்ட கடலையையும் எடுத்துக்கிட்டு வாங்க. இல்லாட்டி நாளைக்கு வலீமா விருந்து வீட்டுக்காரங்க என்னைத்தான் வேகவெப்பாங்க."

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போகிறவள் சிரித்தாளாம், என்ன நெஞ்சழுத்தம் என்கிறார்கள்.

ஒரு பையில் துணி. மறு கையில் மூடி போட்ட வாளி, உள்ளே ஊறிய கடலை. அவள் அலுமாரியைச் சாத்தும்போது டிலானி பின்னால் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, நான் சொல்லிடவா?"

ரகசியமாகக் கேட்டாள். அடுத்த அறையில் அப்பாவும் அம்மாவும் இருக்க, அவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். சொல்ல நினைக்கிற பிள்ளை அந்தக் குரலிலா கேட்கும்? இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்கு அது விளங்காதா?

"சொல்லாத. சொன்னா நான் போறது வீணாப் போயிரும்" என்று அவளும் அதே ரகசியக் குரலில் சொல்லி, டிலானியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. அது பிள்ளையின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அதையும் எடுத்துவிட்டாள்.

பிறகு முன்வாசலுக்கு வந்தாள். வாளியையும் பையையும் படியில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். வார் வைத்த செருப்பு. ஒரு காலுக்கு வாரை மாட்டினாள், பிடிக்கவில்லை என்பது போலக் கழற்றி மறுபடியும் மாட்டினாள். மற்றக் காலுக்கும் அப்படியே. உள்ளே இருந்து ஒருவர், யாராவது ஒருவர், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தையும் கொடுத்தாள். உள்ளே தொண்டை செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நிமிர்ந்தாள். எதிர்க் கடையில் நின்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தண்ணீர் சிந்தாமல், பாலத்துப் பக்கம் நடந்து போனாள்.