கிளை கட்டிய சைக்கிள்

1913ஆம் ஆண்டில் பதுளைக் கடைவீதியில் ஓடிய சைக்கிள்கள் நான்கு. மூன்றில் வெள்ளைக்காரத் துரைமார் ஏறிப் போனார்கள். நான்காவதன் பின்னால், மலை இறக்கம் வந்தால், ஒரு மரக்கிளை இழுபட்டுக்கொண்டு வரும். அதை ஓட்டியவர் மாரிசாமி.

அப்புத்தளை மேட்டுக்கு வந்ததும் இறங்கிவிடுவார். இடுப்புக் கத்தியை உருவி, ரோட்டோரத்துச் சவுக்கு மரத்தில் ஆள் உயரக் கிளை ஒன்றை வெட்டுவார். தழையைக் கழிக்க மாட்டார். தழைதான் தரையைப் பிடிக்கும். கிளையின் அடியைக் கயிற்றில் கோத்து ஆசனத்துக்குக் கீழே முடிந்து, இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு தெற்கே ஒரு பார்வை. மேகம் விலகியிருந்தால் அந்த இடத்திலிருந்து கடல் தெரியும், மலைகளெல்லாம் முடிந்த பிறகு வெள்ளையாக ஒரு கோடு. துரைமார் வண்டியை நிறுத்தி அதை ரசிப்பார்கள். மாரிசாமி பார்ப்பது மழை வருகிறதா என்று.

பெரகலவுக்கு இறங்கும் பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. சைக்கிளின் பிரேக் கட்டை எப்போதோ தேய்ந்து போயிற்று. ஊருக்குத் திரும்பிய ஒரு துரை ஏலத்தில் விட்ட வண்டி அது. பதுளையில் கடை வைத்திருந்த வாஹித் நானா அதை எடுத்து, தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோக மாரிசாமியிடம் கொடுத்திருந்தார். கட்டை வாங்கித் தருவதாக அவர் சொன்னபோது மாரிசாமி வேண்டாம் என்றார். "ஏத்தத்துல என்னோட காலு இருக்கு நானா. எறக்கத்துல அந்தச் சின்னக் கட்டைய நம்பச் சொல்றீங்களே. இந்தக் கிளைய என் கையால வெட்டினேன்."

பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த இத்ரூஸ் அவரைக் கண்டதும் ஏதாவது சொல்லாமல் விடமாட்டார். "துரைமார் பின்னால நாய் ஓடி வரும். உங்க பின்னால மரமே ஓடி வருது."

"நாய்க்குச் சோறு போடணும் மொதலாளி. இதுக்கு என்ன செலவு?"

இறக்கம் முடிந்த இடத்தில் கயிற்றை அவிழ்த்துக் கிளையை ஓரமாகப் போட்டுவிடுவார். அடுத்த லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் விறகுக்கு அதை எடுத்துப்போவார்கள். மணிச் சத்தம் கேட்டதுமே ஒருத்தி கூடையோடு வந்து நிற்பாள். வளைவுக்கு வளைவு மணியடிப்பது அவர் வழக்கம்.

மணி ஒலிக்காத நாட்களும் உண்டு.

ஊவாத் தோட்டங்களில் ஒருவர் இறந்தால் அண்ணன் ஒரு மலையில், தங்கை இன்னொரு மலையில். ஆள் நடந்துபோய்ச் சொல்லி, உறவு நடந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். மாரிசாமி தன் தாயைப் பார்த்தது அப்படித்தான், ஈரம் காயாத ஒரு மண்மேடாக. அதற்குப் பிறகு யார் வந்து சாவுச் செய்தி கொடுத்தாலும் அவர் மறுத்ததில்லை. அந்த மாதிரி நாளில் மணியை ஒரு துணியால் சுற்றிக் கட்டிக்கொள்வார். சாவைச் சுமந்துகொண்டு கிணிகிணியென்று போவது அவருக்குச் சரியாகப் படவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தோட்டங்கள் தாமாகவே அதைப் புரிந்துகொண்டன.

லயத்துக் கோடியில், கழிவுநீர் ஓடும் கான் ஓரமாக நிற்பார். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். எந்த வாசலையும் மிதிக்க மாட்டார். சொல்வது எப்போதும் ஒரே பேச்சு: "இன்னார் தவறிட்டாரு. நாளைக்குக் காலையில எடுக்கிறாங்க. மொகம் பாக்கணும்னா இப்பவே கெளம்புங்க." எப்படி இறந்தார் என்று கேட்டால், "நான் பாக்கலீங்க" என்பார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு அவர் போட்டுவிட்டுப் போன கிளையை யாரும் தொடமாட்டார்கள். அது கிடந்து சருகாகும். சருகாகிக் கிடக்கும் கிளையைக் கண்டால் அந்தப் பக்கம் ஒரு சாவு போயிருக்கிறதென்று வழிப்போக்கர் தெரிந்துகொள்வார்கள்.

இதற்கு அவர் கொடுத்த விலை தன் மகள். முத்தாயியைப் பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் நின்ற சமயம், அதே லயத்தில் வேறொரு குடும்பத்துக்குச் சாவுச் செய்தியோடு போக நேர்ந்தது. வாசலில் இருந்தவள், மணியில்லாமல் வந்த அப்பாவின் வண்டியைப் பார்த்தாள். தன் அம்மாதான் போய்விட்டாள் என்று நினைத்து ஓடி வந்தவள் கானில் இடறி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

முத்தாயியின் மாமியார் வெள்ளையம்மா வாய்த்துடுக்கான மனுஷி. ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடுத்தது நல்லபடியா பொறக்கட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வண்டிய கொண்டாராதீங்க."

மாரிசாமி மகளுக்கு வாங்கியதையெல்லாம் இத்ரூஸ் கடையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த லயத்துக்கு இரண்டு தடவை சாவுச் செய்தி வந்தது. இரண்டு தடவையும் சந்தியில் வண்டியை விட்டுவிட்டு வேறு ஆளை அனுப்பினார். மறு வருஷம் முத்தாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பெயர் வைப்பதாகவும் தாத்தா கட்டாயம் வரவேண்டுமென்றும் வெள்ளையம்மாவே சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை: "மேல் வளைவுலேருந்தே மணிய அடிச்சுக்கிட்டு வரணும். லயம் பூரா கேக்கணும்."

அன்று காலை மாரிசாமி புது வேட்டி கட்டினார். மணிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாணை மடியில் முடிந்துகொண்டு விடியுமுன்பே பதுளையை விட்டார். தெமோதரை ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஓர் ஆள் ரோட்டின் நடுவே நின்று கைகூப்பினான். முதல் நாள் மாலையில் அவன் தகப்பன் இறந்துவிட்டார். செய்தி போகவேண்டிய இடத்தைக் கேட்டதும் மாரிசாமி வண்டியை மலைச்சுவரில் சாய்த்துவிட்டார். இறந்தவர் வெள்ளையம்மாவின் அண்ணன்.

"நீங்க அங்கதானே போறீங்க" என்றான் அவன். "அத்தைக்கு அவர் ஒருத்தர்தான் கூடப்பொறந்தவரு."

அப்புத்தளை வரைக்கும் மணியில் துணி கட்டாமலே போனார். மேட்டில் கிளை வெட்டும்போதும் துணியைக் கட்டவில்லை. பெரகல வரைக்கும் இறங்கும்போது அவர் மணியடிக்கவும் இல்லை.

பெரகலச் சந்தியில் இத்ரூஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை விழுங்கிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டு, ஒரு தேத்தண்ணியை முன்னால் வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முதல்ல பேர் வச்சு முடிங்க. பிள்ளையத் தூக்குங்க. ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறமா சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்புத்தளையில மத்தியான ரயிலு போயிடும் மொதலாளி. அதை விட்டா பண்டாரவளைக்கு நடக்கணும், அங்கேருந்து தெமோதரைக்கும் நடக்கணும். போய்ச் சேரும்போது தங்கச்சி மண்ணத்தான் பாக்கும்."

"அப்போ நான் ஆள் அனுப்புறேன். நீங்க இங்கேயே இருங்க."

"தேதி தெரிஞ்சு என்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு வேற ஆளு போனா செத்தது நான்னு நெனைக்கும் எம்பொண்ணு."

தேத்தண்ணி ஆறியது. "பேரு நாளைக்கும் வைக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரிச் சொன்ன மாரிசாமி, புது வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மணியைச் சுற்றிக் கட்டினார். மீதி இறக்கத்துக்குக் கிளை அப்படியே இருந்தது.

லயத்தின் முன்னால் சாணம் தெளித்திருந்தார்கள். கல் அடுப்பில் பெரிய பானை ஏறியிருந்தது. காலையிலிருந்து மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு முதலில் கேட்டது, சரளைக்கல்லில் தழை உரசி வருகிற சத்தம். பேச்சு ஒவ்வொரு வாசலாக அடங்கியது. முத்தாயி குழந்தையோடு உள்வாசலில் நின்றாள். அப்பாவை உயிரோடு பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் மணியைப் பார்த்துவிட்டாள்.

மாரிசாமி கான் ஓரமாக நின்றார். வெள்ளையம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தங்கச்சி," என்றார் மாரிசாமி. "தெமோதரை அண்ணன் தவறிட்டாரு. நாளைக்குக் காலையில எடுக்கிறாங்க. மொகம் பாக்கணும்னா இப்பவே கெளம்புங்க."

வெள்ளையம்மா அழவில்லை. புது வேட்டியைப் பார்த்தார், கிழிந்த ஓரத்தைப் பார்த்தார், மணியில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"ரயிலு?"

"இப்பப் போனா புடிச்சிரலாம்."

அவர் கொண்டையை முடிந்துகொண்டார். மாரிசாமி மடியிலிருந்து அரைஞாணை எடுத்துக் கானின் கட்டுச்சுவர்மேல் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். ஏறுவதற்குமுன், வழக்கம்போலக் கிளையை அவிழ்த்து ஓரமாகப் போடக் குனிந்தார். கயிறு கையை விட்டு நழுவியது. நிமிர்ந்தபோது கிளையின் அடி வெள்ளையம்மாவின் கையில் இருந்தது. அவர் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார், பெண்கள் விலகி நின்ற ஒவ்வொரு வாசலையும் தாண்டி, தம் வீட்டு அடுப்புவரைக்கும். முழங்காலில் வைத்து ஒரு கொப்பை முறித்து நெருப்பில் செருகினார்.

"பிள்ளைக்குத் தண்ணி காயணும்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு திரும்பி, "நான் எங்க அண்ணன் மொகத்தப் பாக்கப் போறேன். நீங்க உள்ள போயி உங்க பேரன் மொகத்தப் பாருங்கண்ணே. அந்த வெள்ளியை அங்க வைக்காதீங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்."

பச்சைக் கொப்பு புகைந்தது. மாரிசாமி அரைஞாணை எடுத்துக்கொண்டு, வண்டியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். கடைசியில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையைக் குனிந்து லயத்துக்குள் போனார். அப்போது வெள்ளையம்மா அப்புத்தளை ஏற்றத்தின் முதல் வளைவைத் தாண்டியிருந்தார்.