நைனோவ்!

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மரக்காணம் உப்பளத்தில் எந்த வரப்பில் நின்று கத்தினாலும் அந்தச் சொல் காற்றில் போய்ச் சேர்ந்துவிடும். "நைனோவ்!" என்றால், பலகையால் உப்பு வாரிக்கொண்டிருக்கும் என் நைனா தலையைத் தூக்காமலே, "இன்னாடா டேய்?" என்பார். அந்த டேய் காதில் விழுந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

படிக்கத் திருச்சி ஹாஸ்டலில் சேர்ந்தேன். முதல் வாரமே, போனில் "நைனா, நல்லாகீறியா?" என்று நான் கேட்டதும் அறைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது சினிமா ரவுடி பேசுகிற சொல். அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டால் "இன்னா நைனா?" தான். வாய்க்கு வாய் பதில் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால், அடுத்த தடவை பேசும்போது "அப்பா" என்றேன்.

அந்தப் பக்கமிருந்து வந்த பதில்: "சொல்லுங்க தம்பி. சாப்டீங்களா?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். லீவில் வீட்டுக்குப் போனபோதும் அதே 'ங்க'. ஏன் இப்படி என்று அம்மா அவரிடம் கேட்டே விட்டாள். "படிக்கிற புள்ள மரியாதையா அப்பான்னு கூப்புடுது. நான் டேய்னா நல்லாவா இருக்கும்?" என்றார் நைனா. நான் வெட்கப்பட்டு மாற்றியதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உண்மையை மறைத்து நானும் அப்பா என்றே தொடர்ந்தேன்.

வேலை ஐதராபாத்தில் கிடைத்தது. அங்கே வயசான ஆட்கள்கூட அப்பாவை நாயனா என்று கூப்பிடுகிறார்கள், ஒருத்தரும் சிரிப்பதில்லை. பக்கத்து சீட் இந்திக்காரப் பெண், தங்கள் பாட்டுகளில் நைனா என்றால் கண்கள், பெண் பிள்ளைக்குப் பேராகவும் வைப்போம் என்றாள். தமிழ் படித்த நண்பன், தலைவனைக் குறிக்கும் நாயன் என்ற பழைய சொல்லுக்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்றான். அடேயப்பா! இவ்வளவு பெரிய சொல்லையா நாலு பையன்கள் சிரித்தார்கள் என்று நான் விரட்டினேன்? என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனேன். பழையபடி கூப்பிட்டு அந்த டேயைத் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். சாயங்காலம் உப்பளத்துக்கு நடந்தபோது மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று பாத்தி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டியபடி அவர் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார்.

"நைனோவ்! மழ வருது!"

பக்கத்துப் பாத்திக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் பார்த்தார். என் நைனா குனிந்தது குனிந்தபடியே இருந்தார். இன்னும் பலமாகக் கத்தினேன். ம்ஹூம். வரப்பில் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

பதறித் திரும்பினார். தலைத்துண்டை அவிழ்த்து அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களா தம்பி? யாரோ அவங்க நைனாவக் கூப்புடறாங்கன்னு இருந்துட்டேங்க."