பின்சீட்டில் ஒரு அக்காவும் ஒரு தங்கையும்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவள் அண்ணி. அவளைவிட வயதில் மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஸ்டாண்டில் வெகுகாலம் வண்டி ஓட்டிய அவள் கணவர் எல்லோருக்கும் அண்ணன் என்பதால் வந்த உறவு அது. சர்க்கரை வியாதி கண்ணில் கைவைத்ததும் அண்ணன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வண்டி வாசலில் தூசி தின்றுகொண்டு நின்றது. வாங்குவதற்கு ஒருவர் வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளேயிருந்து வந்து, "வண்டி விக்கிறதுக்கில்ல. நான் ஓட்டப் போறேன்" என்றாள். வந்தவருக்கு எவ்வளவு ஆச்சரியமோ அதைவிட அண்ணனுக்கு அதிகம்.

அதுவரை அவள் ஒரு ஜவுளிக் கடையில் திரைச்சீலை, படுக்கை விரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் மிச்சம். "ஆயுசுல பாதி நின்னாச்சு. மீதிய உக்காந்து பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வீட்டிலேயே வாத்தியார் இருக்க, காசு கட்டி எதற்கு வெளியே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அண்ணனுக்கு வருத்தம். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி நகராது. எங்கேயாவது ஹாரன் சத்தம் கேட்டாலே கத்துவார். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து, முன்சீட்டு மிதியடியில் ஓட்டையே போட்டுவிட்டார்.

எப்படியோ லைசென்ஸ் வந்தது. ஸ்டாண்டில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஆஸ்பத்திரி, விமான நிலையம், கல்யாண மண்டபம் என்று அவள் வண்டி ஓட ஆரம்பித்தது. மாலையில் வீட்டுக்குப் போனால் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, கையால் தடவிப் பார்ப்பார். கீறல் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

இப்படி இருந்தபோதுதான் கடைவீதியில் லாட்ஜ் நடத்தும் அம்மாள் கூப்பிட்டாள். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், அக்காவும் தங்கையும், ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும், பெண் டிரைவராக இருந்தால் தேவலை என்கிறார்கள், நீ போகிறாயா என்று. அண்ணிக்கு உள்ளுக்குள் உதறல்தான். உள்ளூர்க்காரர் என்றால் வழி தவறினாலும் திட்டிவிட்டுப் போவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை நம்பி அழைத்துப்போய் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அண்ணனிடம் கேட்டாள். அவர், "மலை ஏறும்போது ரெண்டாவது கியர்லயே போ" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் இரண்டு பேருமே எழுபதைத் தொட்டவர்கள். சிறுவயதிலேயே பெற்றோருடன் வெளிநாட்டில் குடியேறியவர்கள். வீட்டில் பேசிய பேச்சு மறக்கவில்லை, ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அண்ணி மூத்தவளைப் பெரியம்மா என்றும் இளையவளைச் சின்னம்மா என்றும் அழைத்தாள். அவர்களுக்கும் அது பிடித்துப்போனது.

ஆனால் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது வண்டி விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், ஏ.சி. ஓட வேண்டும். சின்னம்மாவுக்குக் காற்று வேண்டும். பெரியம்மா கோட்டை, அருங்காட்சியகம், அணைக்கட்டு என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போக வேண்டும் என்பாள். சின்னம்மாவோ சாலையோரம் எருமை குளித்தாலும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பாள்.

"டிரைவரம்மா, நிறுத்து."

"டிரைவரம்மா, நிறுத்தாத. போ."

நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணி, பிரேக்கிலும் கால் வைக்காமல் ஆக்ஸிலேட்டரிலும் கால் வைக்காமல், வண்டியை அதன் போக்கில் உருளவிடக் கற்றுக்கொண்டாள். "மாமியாரும் நாத்தனாரும் ஒரே வண்டியில ஏறின மாதிரி இருக்கு" என்று அண்ணனிடம் போனில் சொன்னபோது, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

மலைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன நகரம். பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, மூன்று பேரும் டீ குடித்தார்கள். கடலுக்குப் போக வேண்டும் என்று சின்னம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடல் கிடையாது, மலைதான் என்று பெரியம்மா. பேச்சு தடித்தது. "உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள் பெரியம்மா. சின்னம்மா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

போனவள் வரவில்லை.

அண்ணி முதலில் கழிவறைப் பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு பழக்கடை, வளையல் கடை, மருந்துக்கடை. சின்னம்மா வேடிக்கை பார்க்கக்கூடிய இடம் எதையும் விடவில்லை. சின்னம்மாவின் போன் வண்டியிலேயே சார்ஜில் கிடந்தது. யாருடைய எண்ணும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. பேருந்துகளின் பலகையைப் படிக்கவும் தெரியாது.

"அவ எப்பவும் இப்படித்தான். கோபம் தீந்தா தானா வருவா" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா, நேரம் ஆக ஆகப் பேசுவதை நிறுத்தினாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். கையில் வந்தது ஒரு மாத்திரை அட்டை.

"இது அவளோட பிரஷர் மாத்திரை. மத்தியானம் போடணும். மறந்துடுவான்னு நான்தான் வெச்சிருக்கேன்" என்றவளின் குரல் உடைந்தது. காலையிலிருந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தவள், திடீரென்று நடைபாதையில் நிற்கத் தெரியாத குழந்தைபோல அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸிடம் போக வேண்டும் என்று அண்ணிக்குத் தோன்றியது. போனால் என்ன சொல்வது? வண்டி ஓட்ட வந்தவள் ஆளையே தொலைத்துவிட்டாள் என்று ஸ்டாண்டில் ஆயுசுக்கும் பேசுவார்கள். அது கிடக்கட்டும், அந்த அம்மாள் வெயிலில் எங்கேயாவது மயங்கி விழுந்து கிடந்தால்? அண்ணனைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. 'அன்னிக்கே வித்திருக்கலாம்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தச் சாவியைத் தொட முடியாது.

வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லும்போதே நாக்கு குழறியது.

அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். "சரி, அழாத. அந்த அம்மா காலையிலேருந்து என்ன கேட்டுக்கிட்டிருந்தாங்க?"

"கடலுக்குப் போகணும்னு."

"பக்கத்துல பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னியே. கடல் பக்கம் போற பஸ் எது எதுன்னு விசாரி. போலீஸ்லயும் சொல்லி வை, தப்பில்ல. அந்தப் பக்கத்து பஸ் டிப்போவுல எனக்குத் தெரிஞ்சவங்களை நான் கூப்பிடறேன். போனைக் கையிலயே வெச்சிரு."

அவ்வளவுதான். வித்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. பாதிப் பயம் அங்கேயே இறங்கியது.

புறக்காவல் நிலையத்தில் இருந்த ஏட்டு பொறுமையாகக் கேட்டு அடையாளம் குறித்துக்கொண்டார். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் இருந்தவர், கடற்கரைப் பக்கம் போகும் பேருந்து ஒன்று கிளம்பி ரொம்ப நேரம் ஆகிறது என்றார். அண்ணி பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டியை அந்தச் சாலையிலேயே விட்டாள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை மெதுவாக்கி, நிழலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நரைத்த தலையையும் பார்த்துக்கொண்டே போனார்கள். பெரியம்மா முன்சீட்டில், கதவுப் பிடியை விடாமல் இருந்தாள்.

"அம்மா போறப்போ, இவள என் கையிலதான் குடுத்துட்டுப் போனாங்க" என்றாள் ஒருமுறை. "அப்போ அவளுக்கே பேரப்பிள்ளை இருந்தது. ஆனாலும் என் கையிலதான் குடுத்தாங்க."

"கிடைச்சுடுவாங்க, பெரியம்மா" என்றாள் அண்ணி. தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"கிடைச்சுட்டாங்க. கடற்கரை டிப்போவுல இருக்காங்க. நல்லா இருக்காங்க. நீ மெதுவாவே போ."

அண்ணி வண்டியை ஓரங்கட்டி, பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள். தலையை மட்டும் ஆட்டினாள். பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சட்டை போட்டிருந்தவளுக்கு முந்தானை இல்லை, கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டிப்போ கேன்டீனில் டிரைவர்களும் கண்டக்டர்களும் சூழ்ந்திருக்க, நடுநாயகமாகச் சின்னம்மா உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேருந்தின் கண்டக்டர் எழுந்து வந்து அண்ணியிடம் தயங்கித் தயங்கி விளக்கம் சொன்னார்.

"கடல் வந்தா சொல்லுப்பான்னாங்க. ஸ்டாப் வந்ததும் எழுப்பலாம்னுதான் போனேன். ஜன்னல்ல சாஞ்சு, காத்துல அப்படியொரு தூக்கம். எங்கம்மா தூங்கற மாதிரியே இருந்துச்சு. எழுப்ப மனசு வரல. திரும்பி வரும்போது இறக்கி விட்டுக்கலாம்னு பாத்தா, வண்டி ரிப்பேருன்னு டிப்போவுக்கு விட்டுட்டாங்க. பேரு கேட்டா சொல்றாங்க, ஊரு கேட்டா வெளிநாட்டைச் சொல்றாங்க. கூட்டிட்டு வந்தது யாருன்னா, டிரைவரம்மான்னாங்க. நல்லவேளை, எங்க டிப்போ மெக்கானிக் மேஸ்திரிக்கு உங்க வீட்டுக்காரர் போன் வந்துச்சு."

பெரியம்மா தங்கையின் எதிரில் போய் நின்றாள். கத்தப் போகிறாள் என்று கேன்டீனே எதிர்பார்த்தது.

"மாத்திரை போட்டியா?" என்றாள்.

"எப்படிப் போடறது? அது உன் பையிலதானே இருக்கு."

பெரியம்மா அட்டையை எடுத்துப் பிரித்து, மாத்திரையைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சின்னம்மா விழுங்கி முடிக்கும்வரை பெரியம்மா அவள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. "ரொம்ப பயந்துட்டியா?" என்று சின்னம்மா மெல்லக் கேட்டாள். "நான் ஏன் பயப்படறேன்? டிரைவரம்மாதான் பயந்துட்டா" என்றாள் அக்கா.

அண்ணி வெளியே வந்து, கழுவி நிறுத்தியிருந்த ஒரு பேருந்தின் படியில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். குழாயில் முகம் கழுவிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பாத்துட்டேன். நல்லா இருக்காங்க."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு. அதுவரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாப்டியா?" என்றார்.

"இல்ல."

"முதல்ல சாப்பிடு. அப்புறம் வண்டியை எடு."

மலை அன்றைக்குக் கிடையாது என்று பெரியம்மாவே சொல்லிவிட்டாள். கடல் டிப்போவிலிருந்து கூப்பிடு தூரம். மூவரும் போனார்கள். அக்காவும் தங்கையும் மணலில் இறங்கி நடந்தார்கள். காலை நனைக்கலாமா கூடாதா என்று அங்கேயும் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. இரண்டு பேரின் குரலும் காதில் விழும் தூரத்தில் அண்ணி வண்டியை நிறுத்தினாள். சீட்டைப் பின்னால் சாய்த்தாள். சண்டைச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. கண் சொக்கிக்கொண்டு வந்தது.

மீதி நாட்கள் நல்லபடியாகப் போயின. ஊருக்குப் போன சகோதரிகள் தங்கள் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் டிரைவரம்மாவைப் பற்றிச் சொல்லிவைத்ததில், இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்தே கேட்டு வருகிறார்கள். அந்தப் போன்களை எடுப்பது அண்ணன்தான். எந்த நாள் காலி, எந்தச் சாலையில் பள்ளம், மழை வந்தால் எந்த வழி என்று அத்தனையும் அவர் தலையில் இருக்கிறது. ஸ்டாண்டில் யாராவது, "அண்ணே, இப்ப யாரு வண்டி ஓட்டுறது, நீங்களா அண்ணியா?" என்று வம்புக்கு இழுத்தால், "ரெண்டு பேரும்தான்டா. அவ கையால, நான் வாயால" என்கிறார்.