குழுவுக்கு முன்னால் ஒரு வார்த்தையும் விடவில்லை

அப்பா பட்டாளத்தில் இருந்ததால் ஏழாம் வகுப்பு வரை வடநாட்டில்தான் வளர்ந்தேன். எனக்கு இந்தி புத்தகத்தில் வந்ததல்ல, தெருவில் விளையாடிச் சண்டை போட்டு வந்தது. அந்த இந்திதான் பின்னாளில் ஒரு மனிதரைப் பழிவாங்க எனக்கு உதவியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்பா இறந்த பிறகு குழித்துறைக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊருக்கு வந்தோம். பிளஸ் டூ முடித்ததும், அரசாங்கச் செலவில் மருத்துவமனை உதவியாளர் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தேன். ஆறு மாதப் படிப்பு. முதல் மாதம் மட்டும் வகுப்பு நடந்தது. பிறகு காலையில் போய்க் கைரேகை வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். கடைசியில் ஒருநாள் எங்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டி, ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ரிக்கார்டுக்கு என்றார்கள். சான்றிதழ் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் உதவித்தொகையோடு அரசு நடத்திய நர்சிங் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். அலுவலகத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு எனக்குத் தகுதி இல்லை என்றார். நான் ஏற்கெனவே பயிற்சி முடித்துச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேனாம். நம்பாமல் நின்ற எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைக் கோட்டில் என் படம். ஒரு நியமனக் கடிதம். அதன் கீழே நான் போடாத என் கையெழுத்து.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மையத்தின் தலைவரிடம் போனேன். பதிவை மாற்றித் தரக் கேட்டேன். அவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உனக்கு அது ஒரு தாளு. நீங்க ஜோலிக்குப் போனதாட்டு காட்டலேன்னா கவர்மென்ட்டு எனக்கு அடுத்த பேட்ச் தராது. போயி வேற ஜோலி பாரு."

அம்மா அழத் தொடங்கியதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பினார்.

வேறு ஜோலி பார்த்தேன். மூன்று வருடம் அண்டியாபீசில், முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தேன். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரியும். சோறு பிசையும்போது எரியும். எரியும் நேரமெல்லாம் அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொள்வேன். அவர் நாசமாகப் போகவேண்டும் என்று கோயிலில் நின்றும் கேட்டிருக்கிறேன். கூலியில் மிச்சம் பிடித்து அஞ்சல்வழியில் பட்டம் படித்தேன், இந்தித் தேர்வுகள் எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் பள்ளியில் இந்தி ஆசிரியை ஆனேன். அதற்குள் அவர் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடி கட்டிவிட்டார். நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் அவர் கைகூப்பிச் சிரிக்கும் பேனர் இருந்தது. பஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசு செலவழித்த பணம் என்ன ஆனது என்று பார்க்க நாடாளுமன்றக் குழு ஒன்று மாவட்டத்துக்கு வருவதாகவும், இந்தி தெரிந்த ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் எங்கள் முதல்வருக்குத் தகவல் வந்தது. என்னை அனுப்பினார். எந்த மையத்துக்கு என்று காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேனர் மனிதரின் மையத்துக்கேதான்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இளநீர் தந்து, ஓரமாக அழைத்துப் போனார். பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பேசிப் பழக்கமில்லை, முன்னபின்ன ஏதாவது சொன்னால் நான் கொஞ்சம் நல்லபடியாக ஆக்கிச் சொல்லவேண்டும் என்றார்.

"உள்ளது உள்ளபடி சொல்லிருகேன் சார்," என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

குழுவில் ஏழெட்டு உறுப்பினர்கள். மற்றவர்கள் வெயிலில் களைத்திருந்தார்கள். ஒரு பெண் உறுப்பினர் மட்டும் கோப்பைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்கூடத்தில் புத்தம்புது இயந்திரம் ஒன்றின் அருகில் நின்ற மாணவியிடம், இதில் என்ன கற்றாய் என்று அவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இது முந்தாநேத்துதான் வந்துது டீச்சர். தொடப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ," என்றாள் அந்தப் பெண்.

மையத்தின் தலைவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பி, சின்னப்பிள்ளை தெரியாமல் சொல்லுது, அதை விட்டுவிடுங்கள் என்று தமிழில் சொன்னார். அந்தப் பெண் சொன்னதை இந்தியில் சொன்னேன். பிறகு, இவர் அதை விட்டுவிடச் சொல்கிறார் என்பதையும் சொன்னேன்.

அந்த உறுப்பினர் கோப்பில் வேலைக்குப் போனவர்களின் பட்டியலை எடுத்து, மூன்று பெயர்களைத் தொட்டு, கூப்பிடுங்கள் என்றார். மாவட்ட அதிகாரி ஒருவர் எண்கள் மாறியிருக்கலாம் என்று இழுத்தார். உறுப்பினர் அதைக் கேட்கவில்லை. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண் பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டு, மருத்துவமனையில் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியா? நான் கீரிப்பாறையிலயாக்கும் நிக்கேன். ரப்பர் பாலு அளக்கக் கொண்டு வந்தேன். யாரு பேசுகது?"

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். ரப்பர் பால் என்றால் என்ன என்றுகூட விளக்கினேன். தலைவரின் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னேன். அந்த நிதானம் எனக்கு அவ்வளவு ருசித்தது.

கிளம்பும்போது அந்த உறுப்பினர், என் இந்தி நன்றாக இருக்கிறது, எங்கே படித்தேன் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு, நானும் இவரிடம் பயிற்சி எடுத்தவள்தான், காகிதத்தில் பதினோரு வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு, வந்த வேலை அதுதானே என்று, தலைவர் பக்கம் திரும்பி அதைத் தமிழிலும் சொன்னேன். அவர் என் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். அப்போதும் அவருக்கு நினைவு வரவில்லை. என்னைப்போல எத்தனை பேரோ.

சில மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. ஊர், பேர் இல்லாமல் ஒரு பத்தி. அதைப் பலமுறை படித்தேன். மையத்தின் அங்கீகாரம் போனது. பழைய பட்டியல்கள் மீது விசாரணை தொடங்கியது. பேனரும் ஒருநாள் காணாமல் போனது.

அவர் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். வரவேற்பறையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஓர்மையே இல்ல மக்கா. அப்பமே எனக்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒரு ஜோலி போட்டுத் தந்திருப்பேனே."

"வந்தேன்," என்றேன்.

எப்போது, யாரோடு என்று கேட்டார். உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. இயந்திரத்தின் அருகில் நின்ற அந்தப் பெண்ணின் அம்மா ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் என்னை மறித்து, தன் மகளின் படிப்பு பாதியில் நின்றுபோனது என்னால்தான் என்று திட்டினார். மறுநாளே அந்தப் பெண்ணை நாகர்கோவிலில் வேறொரு மையத்துக்கு அழைத்துப் போனேன். சேர்ப்பதற்கு முன் அவர்களுடைய வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் நடக்கிறதா என்று பார்த்தேன். நடந்தது. அவளைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

போன வாரம் விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அவரும் வருவாராம். பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.