பிங்யாவ்: மதிலுக்குள் இரண்டு நாள், ஆறு ஜோடிக் காலணி

"டீச்சர், ஊரைச் சுத்தி மதில் கட்டிட்டா, உள்ள இருக்கறவங்க காலைல பால் வாங்க எங்க போவாங்க?" ஒன்பதாம் வகுப்பில் வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். நம் கோட்டைக்குள் கோயிலும் அலுவலகங்களும் உண்டு, குடித்தனம் இல்லை. அதனால் ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. பாகாயம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. மதிலுக்குள் இன்றும் மக்கள் வாழும் ஊர் எது என்று தேடியபோது கிடைத்த பெயர், வட சீனாவின் பிங்யாவ்.

போன அக்டோபர் மூன்றாம் வாரம் கிளம்பினோம். முதல் வாரம் போகாதீர்கள், அது சீனாவில் நீண்ட விடுமுறை. எள் போட இடம் இருக்காதாம். நானும் என் கணவர் சேகரும், ஆளுக்கொரு முதுகுப் பை, தலா ஏழு கிலோ.

சேகர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் தரம் பார்க்கும் வேலை. அவருக்கு பிங்யாவில் அக்கறை இல்லை. "உன் ஊரை ரெண்டு நாள் பாத்துக்கோ டீச்சர். எனக்குப் பெருஞ்சுவர்ல நின்னு ஒரே ஒரு போட்டோ. கம்பெனி லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். இருபது வருட ஆசை அது. பயணத் திட்டத்தின் கடைசி முழு நாளை, பெய்ஜிங்கில், அதற்கென்றே ஒதுக்கினோம். மறுநாள் அதிகாலை பெய்ஜிங்கிலிருந்து ஊர் திரும்பும் விமானம்.

ஷியான் நகரிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். இரண்டாம் வகுப்புக்கு ஆளுக்கு 150 யுவான் சொச்சம் (ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய்). பாஸ்போர்ட்தான் டிக்கெட், அதைக் காட்டினால் போதும். நிலையத்திலிருந்து மதில் வரை டாக்சிக்கு 30 யுவான். முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றில் அறை, இரவுக்கு 180 யுவான். செங்கல் மேடைதான் கட்டில். அடியில் சூடேற்றியிருந்தார்கள். ஏலகிரி குளிரையே தாங்காத எனக்கு அது பெரிய உபகாரம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சந்துக்குள் இறங்கிவிட்டேன். பேட்டரி வண்டியில் ஒருவர் சூடான சோயாப் பால் கொண்டுவந்தார். வீட்டுக் கதவுகள் வரிசையாகத் திறந்தன, ஆளுக்கொரு பாத்திரம் வெளியே வந்தது. என் மாணவிக்கு ஒரு வழியாகப் பதில் கிடைத்தது: எங்கும் போக வேண்டாம், பால் வாசலுக்கே வருகிறது!

மதில்மேல் நடக்க, மற்ற இடங்களும் சேர்ந்த சீட்டு 125 யுவான். சுற்றளவு ஆறு கிலோமீட்டர், அதாவது பாகாயத்திலிருந்து நம் கோட்டைவரை நடப்பதைவிடச் சற்றுக் குறைவு. மேலே நின்றால் ஒரு பக்கம் சாம்பல் நிற ஓடுகள் அலை அலையாக, மறுபக்கம் கார் ஓடும் புது ஊர். அறுநூறு வருடத்துக்கும் மேற்பட்ட மதிலின் ஓரத்தில் ஒருவர் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். மதிய உணவுக்கு ஓட்ஸ் மாவைச் சுருட்டி, தேன்கூடு மாதிரி நிறுத்தி வேகவைத்த ஒரு பண்டம், 22 யுவான். கூடவே புளிக்காடி, அதாவது வினிகர். நம் ஊர் பிரியாணிக்குக் கத்திரிக்காய் மாதிரி அவர்களுக்கு அந்தக் காடி.

அன்று பிற்பகல் 3:40க்கு பெய்ஜிங் ரயில். ஒன்றரை மணிக்குத் தென்மேற்குச் சந்து ஒன்றில் துணிக் காலணி தைக்கும் கடையைப் பார்த்தோம். உரிமையாளர் லியூ, ஐம்பது வயதிருக்கும். முற்றத்துப் பலகையில் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் ஆறு ஜோடி பெண்கள் காலணி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஷூ லைனில் தரம் பார்ப்பவர் குறையைக் கண்டால் அந்த இடத்தில் வெள்ளிப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். சரிசெய்த பிறகு ரப்பரால் தேய்த்தால் தோலில் தடமே இருக்காது. ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பேனா சேகரின் சட்டைப் பையைவிட்டுப் போகவில்லை. நான் வாசல் மரவேலைப்பாட்டைப் படம் எடுத்துத் திரும்புவதற்குள் ஒவ்வொன்றாகப் புரட்டி, நான்கு காலணிகளின் முனையில் புள்ளி வைத்துவிட்டார்.

"ஏங்க! இன்னா பண்றீங்க?"

"டோ லைன், முனைத் தையல், கொஞ்சம் கோணலா..." என்றவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "அய்யோ. கை தானா போய்டுச்சு. இரு, தேச்சா போய்டும்."

வெல்வெட்டில் போகவில்லை. தேய்த்த இடத்தில் புள்ளி மிளகு அளவுக்குப் பெரிதானது. லியூ தண்ணீர்க் குவளைகளோடு வந்து நின்றார். கத்தவில்லை. குவளைகளைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்க்கும் செயலியில் மெதுவாகப் பேசினார். நாளை காலை ஒரு கல்யாணம், மணப்பெண்ணும் தோழிகளும் ஒரே மாதிரி போட வேண்டிய காலணி. பெண் வீட்டார் இன்று ஆறு மணிக்கு வாங்க வருவார்கள். மாற்றுத் துணி இல்லை.

சேகர் பணத்தை எடுத்தார். லியூ அவர் கையைத் தள்ளிவிட்டார். பிறகு ஊசிப் பெட்டியைத் திறந்து, ஒரு புள்ளியின்மேல் ஐந்திதழ்ப் பூ ஒன்றைத் தைக்கத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு காலில் பூ என்றால் மறு காலிலும் வேண்டும், ஒரு ஜோடியில் என்றால் ஆறிலும் வேண்டும். இன்னும் பதினொரு பூ, பூவுக்கு இருபத்தைந்து நிமிடம், நாலரை மணி நேரத்துக்கு மேல். அப்போது மணி இரண்டேகால். அவர் ஒருவரே நிமிராமல் தைத்தாலும் ஆறுக்கு முடியாது.

"நீ பூத்தையல் போடுவியே டீச்சர்" என்றார் சேகர்.

"போடுவேன். 3:40 ரயில்? இதை விட்டா நாளைக்குப் பதினொரு மணிக்குத்தான் சீட்டு. பெய்ஜிங் போய்ச் சேரவே மூணு மணி ஆயிடும். சுவருக்குப் போறதுக்குள்ள மூடிடுவாங்க."

 அவர் முதுகுப் பையை இறக்கி மூலையில் வைத்தார். "புள்ளி வெச்சது நானு. விட்டுட்டு ஓடச் சொல்றியா?"

லியூ என்னை நம்பவில்லை. துண்டுத் துணியில் ஒரு பூ தைக்கச் சொன்னார். பார்த்தார், தலையாட்டினார், நூலைப் பிரித்துவிட்டார்.

"ரிஜெக்ட் டீச்சர்!" என்றார் சேகர்.

"வாயை மூடுங்க. உங்களாலதான் இந்தப் பரீட்சை எனக்கு."

இரண்டாவது பூ தேறியது. பிறகு நானும் லியூவும் தைக்க, சேகர் ஜோடிகளை மடியில் வைத்து, இடது முனைக்கும் வலது முனைக்கும் நூலால் அளந்து, பூ வர வேண்டிய இடத்தில் குண்டூசி குத்திக் கொடுத்தார். இந்த முறை மறக்காமல் குண்டூசி. மூன்று நாற்பது ஆனபோது ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நான் கவனிக்காதவள்போல் தைத்தேன்.

ஐந்து இருபதுக்கு முடிந்தது. ஆறு மணிக்கு மணப்பெண்ணின் அண்ணன் வந்தார். ஒரு காலணியை எடுத்து, பூவின்மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார். லியூ எங்கள் பக்கம் கைகாட்டி நீளமாக என்னவோ சொன்னார். அண்ணன் சிரித்தபடி எங்களுக்குத் தலை குனிந்து, ஆறு ஜோடியையும் வாங்கிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் லியூ சேகரின் சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை உருவி, தன் ஊசிப் பெட்டியில் போட்டு மூடினார். சேகர் திருப்பிக் கேட்கவில்லை. அன்று இரவு லியூ வீட்டு நூடுல்ஸ்தான் எங்களுக்குச் சாப்பாடு.

பெருஞ்சுவர் பார்க்கவில்லை. மறுநாள் காலை பிங்யாவ் மதிலில் நின்று எடுத்த படத்தை சேகர் லைன் நண்பர்களுக்கு அனுப்பினார். "இது குட்டையா இருக்குதே" என்று ஒருவர் கேலி செய்ய, "உள்ள ஆளுங்க இருக்கறாங்கடா" என்று பதில் போட்டார். வருத்தமா என்று கேட்டேன். "இருக்குது. ஆனா போயிருந்தா இதைவிட ஜாஸ்தி இருந்திருக்கும்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பணச் செயலியையும் மொழிபெயர்ப்புச் செயலியையும் இங்கேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கற்கள் பாவிய தெரு, தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். நம் கைகள் எந்தத் தொழிலில் பழகியவையோ, அந்தப் பழக்கமும் நம்மோடு விமானம் ஏறிவிடுகிறது. எனவே கிளம்பும் முன் ஒன்று செய்து பாருங்கள்: இன்று மாலை உங்கள் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் போய், பத்து நிமிடம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பாருங்கள்.