பன்றி விழுந்த கொல்லை

அந்தப் பதில் நோட்டீஸின் நான்காவது பத்தியை டைப் செய்தது நான்தான். இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம். ஒருவர் தம் நிலத்தில் ஓடும் மழைநீரைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டதாலேயே நிலத்தடி நீர் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்றும், காட்டுக்குள் விட்ட மிருகம் விட்டவரின் உடைமையாக இருப்பதில்லை என்பதைப் போலவே பூமிக்குள் விட்ட நீரும் அவருடையதல்ல என்றும் அது தொடங்கும். “மேலும்” என்று போட்டு, மலையடிவாரக் கிராமங்களில் ஓட்டப்படும் காட்டுப்பன்றி எவர் நிலத்தில் விழுகிறதோ அவருக்கே உரியது என்பது நெடுநாளைய ஊர் வழக்கம் என்று முடியும். “மேலும்” வரைக்கும் வக்கீலய்யா சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது. அதற்குப் பிறகு உள்ளது நான் சொன்னது.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வக்கீலய்யாவின் ஆபீஸ். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு அங்கே சேர்ந்தவள் நான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, நான் மட்டும் அதே ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறேன். எனக்குப் பேச வராது. கட்சிக்காரர்கள் ஏதாவது கேட்டால் உள்ளே கை காட்டுவேன். வக்கீலய்யா சொல்வதை டைப் செய்வேன், தப்பு இருந்தால் திருத்துவேன். “இந்தப் பொண்ணு ஆபீஸ்ல இருக்குதா இல்லியான்னே தெரியல” என்று அவர் வந்தவர்களிடம் சிரித்துச் சொல்வார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டீஸ் யாருக்குப் போனதோ அவர் என் சித்தப்பா. அப்பாவின் கூடப் பிறந்தவர் அல்ல, பங்காளி முறையில் தம்பி. கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் எங்கள் ஊர். சித்தப்பாவுக்கு அங்கே இரண்டரை ஏக்கர் கொல்லையும், வருடக்கணக்காக வற்றிக் கிடந்த ஒரு கிணறும் இருந்தன. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் தண்ணீர் அவர் கொல்லை ஓரமாக ஓடி ரோட்டில் விழுந்து வீணாகும். அதைத் திருப்பினார். கால்வாய் வெட்டி, மூன்று குழி எடுத்து, கருங்கல், ஜல்லி, மணல், அடுப்புக்கரி என்று அடுக்கி, தெளிந்த தண்ணீரைக் குழாய் வழியே அந்தச் செத்த கிணற்றுக்குள் இறக்கினார். சித்தியும் அவரும் மட்டும் செய்த வேலை. ஊரே சிரித்தது. “இன்னா மச்சான், கெணத்துக்குத் தண்ணி ஊத்தி வளக்கறியா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். “ஆமாம்டா, அதுவும் புள்ளதான, ஊத்துனாதான் வளரும்” என்பார். மூன்றாவது மழைக்குப் பிறகு கோடையிலும் கிணற்றில் ஓர் ஆள் உயரத் தண்ணீர் நின்றது. மரவள்ளி போட்டார்.

அடுத்த வருடம் பக்கத்து நிலத்துக்காரரான கீழக்கொல்லைக்காரர் வரப்பிலிருந்து பத்தடி தள்ளி ஆழமாக ஒரு போர் போட்டார். வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கிக் கரும்பு வைத்திருப்பவர், நிறைய நிலம் உள்ளவர். பெரிய மோட்டார். கரண்டு இருக்கும் நேரமெல்லாம் ஓடியது. சித்தப்பாவின் கிணறு ஒரே மாதத்தில் பழையபடி பாறை தெரியக் கிடந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மோட்டாரை நிறுத்தினால் தன் மரவள்ளி பிழைத்துக்கொள்ளும் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தெரிந்த ஒரு வக்கீல் மூலமாக நோட்டீஸ் விட்டார். கீழக்கொல்லைக்காரர் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும், இவர் என் சித்தப்பா என்று. டைப்ரைட்டிங் பரீட்சைக்கு என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் மிதித்து, கூடவே கள்ளக்குறிச்சி வந்து, பரீட்சை முடிகிறவரை வெயிலில் நின்றவர் அவர். சொன்னால் வக்கீலய்யா என்னைச் சந்தேகப்படுவாரோ, எதிர்க்கட்சிக்கு விஷயம் போகிறது என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழிந்தபின், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

வக்கீலய்யாவுக்கு அந்த வழக்கு பிடித்துப்போனது. புத்தக அலமாரியைக் கலைத்துப் போட்டார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்படிச் சொல்லக்கூடியவர் அல்ல.

“வெளிநாட்டுல ஒரு கம்பெனிம்மா. பூமியில இருந்து எடுத்த கேஸ, கோடையில விக்காததெல்லாம் திரும்பப் பூமிக்குள்ளயே செலுத்தி வெச்சிது. குளிர்காலத்துக்கு ஆவும்னு. பக்கத்து நெலத்துக்கார அம்மா கோர்ட்டுக்குப் போனாங்க. என் நெலத்துக்கு அடியில உன் கேஸ் வந்து நிக்கிது, எடத்துக்கு வாடகை குடுன்னு. ஜட்ஜு இன்னா சொன்னாரு தெரியுமா?”

எனக்குத் தெரிந்த கேஸ் சிலிண்டரில் வருவதுதான். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“காட்டுல புடிச்ச நரிய மறுபடியும் காட்டுல வுட்டா அது உன்னுதா? இல்ல. அதேமாரி பூமிக்குள்ள திரும்ப வுட்ட கேஸும் கம்பெனியுது இல்ல. அது கம்பெனியுதே இல்லன்னா வாடகை எப்படிக் கேக்கறது? கம்பெனி தப்பிச்சிது.” மேசையைத் தட்டிச் சிரித்தார். “இந்தக் கெணத்துக்காரரு தண்ணிக்கு மட்டும், ஆட்டுக்குப் போடறமாரி காதுல ஓட்ட போட்டு வெச்சிருக்காரா, இது என்னுதுன்னு அடையாளம் காட்ட?”

பின்னால் வந்த நீதிபதிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். கேஸ் மனம்போனபடி அலையவில்லை, மூடின பாறைக்குள் இருக்கிறது, அது கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி, அதனால் அடைத்தவனுக்குத்தான் சொந்தம் என்று தீர்ப்பு மாறியதாம். “அத எதிர்க்கட்சி வக்கீலு தேடிக்கட்டும், நம்ம எதுக்கு எடுத்துக் குடுக்கணும்” என்றார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“நீ மலையடிவாரம்தான? உங்க பக்கம் காட்டுப்பன்னி ஓட்டுவாங்களே. ஒருத்தன் ஓட்டிகினு வந்து இன்னொருத்தன் கொல்லையில விழுந்தா யாருக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் அந்த ஆபீஸில் யாரும் இல்லை. என் சிறுவயதில் மரவள்ளிக் கொல்லைகளைப் பன்றி தோண்டிப் போட்டுவிடும். இப்போது சட்டம் விடாது, அப்போது நாய் வைத்திருப்பவர்கள் கூடி, பன்றி களைத்து விழும்வரை ஓட்டுவார்கள். சித்தப்பா மூன்று நாய் வைத்திருந்தார். ஒருமுறை அவர் ஓட்டிவந்த பன்றி எங்கள் கொல்லையில் விழுந்தது. வேட்டியெல்லாம் முள் கிழித்து, கெண்டைக்காலில் ரத்தத்தோடு சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அப்பா பன்றியை அறுத்து, பின்னந்தொடை ஒன்றை முழுதாக எடுத்து தேக்கு இலையில் வைத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். பன்றி கொல்லைக்காரனுக்கு, ஒரு தொடை ஓட்டினவனுக்கு, குடல் நாய்க்கு. தொடை கொடுக்காதவன் கொல்லைக்கு அடுத்தமுறை ஒருவரும் நாயைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள்.

“விழுந்த கொல்லைக்காரருக்குத்தாங்க” என்றேன்.

“பலே!” என்று எழுந்தே விட்டார். “பாத்தியா, ஜட்ஜு சொன்னதத்தான் உங்க ஊருல தாத்தா காலத்துல இருந்து சொல்லிகினு இருக்காங்க.” பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். “அவ்ளோதானா? ஓட்டினவனுக்கு ஒண்ணும் கெடையாதா?”

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மூச்சு ஒருதரம் விட்டு இழுக்கிற நேரம் இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு பெரிய மனிதர் நான் சொன்னதைக் கேட்டு எழுந்து நிற்கிறார். தொடையைச் சொன்னால் அவர் முகம் விழுந்துவிடும் என்று தோன்றியது. அவரே பாதித் தீர்ப்பை மறைக்கிறவர்தானே, இந்தப் பாதியையும் வேண்டாம் என்றுதான் நினைப்பார் என்றும் தோன்றியது.

“அவ்ளோதாங்க” என்றேன்.

நோட்டீஸ் போய் ஒரு வாரத்தில், வக்கீலய்யா கோர்ட்டில் இருந்த நேரமாகப் பார்த்துச் சித்தப்பா ஆபீஸுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். என்மேல் கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. “நோட்டீஸ்ல உங்க ஐயா ஆபீஸுன்னு போட்டிருந்துது. நீ இங்கதான இருக்கற, உன்ன வுட்டுப் படிக்கச் சொல்லலாம்னு வந்தேன். நோட்டீஸ் தமிழு எனக்குப் புடிபட மாட்டேங்குதும்மா” என்றார்.

படித்தேன். நான் டைப் செய்ததை நானே அவருக்குப் படித்தேன். நான்காவது பத்தியில் பன்றி வந்ததும் அவர் சிரித்துவிட்டார். “அட, பன்னியெல்லாம் வந்துட்டுது!” பிறகு சிரிப்பு நின்றது.

“இன்னொருதரம் படி.”

படித்தேன்.

“இது பாதிதான? தொடையக் காணமே.” காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். “கீழக்கொல்லைக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது, அவன் பன்னி ஓட்டுனதே இல்ல. இது நம்ம ஊரு ஆளு யாரோ சொல்லித்தான் எழுதி இருக்காங்க. யாரும்மா?”

“தெரியலங்க சித்தப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “செரி வுடு. உங்க ஐயா வந்தா சொல்லு. ஓட்டுனவனுக்கும் ஒரு தொட உண்டுன்னு ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதையும் சேத்து எழுதச் சொல்லு. எனக்கு மொத்தப் பன்னியும் வேணாம்மா” என்றார்.

சொல்கிறேன் என்றேன். அன்று மாலை இரண்டுமுறை வக்கீலய்யா அறைக்குள் போனேன். முதல்முறை டீ வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாம்முறை ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று சித்தப்பாவின் வக்கீல் சொல்லிவிட்டார். ஊரிலும் அந்தப் பத்தியைக் காட்டித்தான் கீழக்கொல்லைக்காரர் பேசினாராம், ஊர் வழக்கத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. சித்தப்பா தொடையைச் சொன்னபோது, அது எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். அந்தக் கோடையில் மரவள்ளி காய்ந்தது. மறுவருடமும் காய்ந்தது. சித்தப்பா பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் ஆனார். திறந்த கொல்லையில் பன்றிக்குப் பின்னால் ஓடிய மனிதர் கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு வரும்போது என் வீட்டுக்கும் வந்து, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போவார். கிணற்றைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. போன புரட்டாசியில் அங்கேயே மாரடைப்பு வந்து, ஆம்புலன்ஸில்தான் ஊருக்கு வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் வக்கீலய்யாவிடம் சொன்னேன். அவர் இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. முட்டி வலி. காலையில் ஆபீஸுக்கு வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கிணற்றுக்காரர் எனக்குச் சித்தப்பா என்பதையும் தொடையையும்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அட இன்னாம்மா நீ. நான் எதுக்கு உன்ன அவ்ளோ கேட்டேன்? கட்சிக்காரரே சொன்னாரு, ஊருல ஏதாவது வழக்கம்னு இருந்தா அதுக்குக் கட்டுப்படறேன், பக்கத்துக் கொல்லைக்காரன் பகை வேணாம்னு. நீ தொடன்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா ரெண்டு பேரையும் இங்கயே உக்கார வெச்சி, வாரத்துல ரெண்டு நாளு மோட்டார நிறுத்துன்னு முடிச்சி அனுப்பி இருப்பேனே. நீ ‘அவ்ளோதாங்க’ன்னு சொன்ன. நான் எழுதிட்டேன்.”

பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்கு ஒரு சமாதானம் இருந்தது, சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று. அது அன்றோடு போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சித்தி அந்த வடிகட்டும் குழியில் இறங்கி வண்டல் வாரிக்கொண்டிருந்தார். சித்தப்பா பெங்களூருக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் முன்பு அவர்தான் அதைச் சுத்தம் செய்கிறார். எதற்கு என்று கேட்டேன். “வர்ற தண்ணிய ரோட்டுலயா வுட முடியும்?” என்றார். குழி ஓரத்தில் குந்திக்கொண்டு சொன்னேன். சித்தி வாருவதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்து அழுதபோது மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நீ அழுது எனக்கு ஒரு கொடம் தண்ணி வருமா? அதோ, மோட்டாரு ஓடிகினு இருக்குது பாரு. அந்த ஆளு இன்னைக்கும் ஊரு வழக்கம் ஊரு வழக்கம்னுதான் சொல்லிகினு இருக்கறான். போயி அவன்கிட்ட சொல்லு, மீதி வழக்கம் இதுதான்னு. ரெண்டு நாளு வுட்டாப் போதும், இந்தத் தபா வெச்சதயாவது நான் காப்பாத்திக்குவேன்.”

போனேன். நடக்கும்போது வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐயா, அது பாதிதாங்க. சொன்னது நான்தாங்க. மோட்டார் கொட்டகைக்கு வெளியே கட்டிலில் கீழக்கொல்லைக்காரர் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

“யாரு, வக்கீலய்யா ஆபீஸ் பொண்ணா? வாம்மா வாம்மா. ஐயா சௌக்கியமா?”

“சௌக்கியங்க.”

“இன்னாம்மா வெயில்ல இவ்ளோ தூரம்? சொல்லு, இன்னா விசயம்?”

வாய் திறந்தது. பக்கத்தில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் பின்னால் வரப்பில் சித்தி வந்து நிற்பது எனக்குத் தெரியும்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணுங்க” என்றேன்.

அவர் சொம்பைக் குழாயில் பிடித்து நிரப்பிக் கொடுத்தார். சில்லென்று இருந்தது. முழுவதையும் குடித்தேன்.